மின்னி பெர்ல்: நம்மில் சிலர் அவரைக் கண்டுகொண்ட கதை

நாஷ்வில்லில் வசிக்கும் ஒரு வாசகி:

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி டென்னசியில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். மின்னி பெர்ல் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞரின் பெயரை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். சனிக்கிழமை இரவானால் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் குடும்பமே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுமாம். நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையத்தின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சி, அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரி பாட்டுகளும் நகைச்சுவையும் கலந்தது. பாட்டுகளுக்கு நடுவே "ஹௌ...டீ!" என்று ஒரு பெண் கூவுவார், நம்மூர் வணக்கம்போல. அவர்தான் மின்னி. இங்கு வந்து நிற்பதே தனக்குப் பெருமை என்பார். பாட்டி சிறுமியாக இருந்தபோது அந்த நிகழ்ச்சி நடந்த ரைமன் அரங்கத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். குளிர்சாதன வசதி இல்லாத அரங்கம். காகித விசிறியால் விசிறிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் "ஹௌடீ!" என்று திருப்பிக் கூவியதை இன்றும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்.

அவரோடு ரைமனுக்கு ஒருமுறை போனேன். முன்கூடத்தில் பாடகர் ராய் அகஃபும் மின்னி பெர்லும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டி படமெடுக்கவே விடவில்லை. அவருக்குக் கதை சொல்ல வேண்டியிருந்தது. பூ வைத்த வைக்கோல் தொப்பியில் ஒரு டாலர் தொண்ணூற்றெட்டு சென்ட் என்ற விலைச்சீட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். தொப்பியில் வைக்க வாங்கிய பூக்களின் சீட்டை ஒருநாள் கழற்ற மறந்து மேடையேறியிருக்கிறார். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அந்தச் சீட்டு கடைசிவரை நிலைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு. மேடையில் மாப்பிள்ளை கிடைக்காமல் ஏங்கும் அந்தக் கிராமத்துப் பெண் நிஜத்தில் சாரா ஒஃபீலியா காலி. 1912 அக்டோபர் 25 அன்று சென்டர்வில் என்ற சிற்றூரில், மர வியாபாரி ஒருவரின் ஐந்து பெண்களில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். வசதியான வீட்டுப் பெண்கள் படித்த வார்ட்-பெல்மான்ட் கல்லூரியில் நாடகம் பயின்று, பெரிய நடிகையாக வேண்டும் என்று கனவு கண்டவர். 1940 நவம்பரில் ஓப்ரி மேடையில் முதல் வாய்ப்பு வந்தபோது நிர்வாகத்தினருக்கு அதுவே தயக்கமாக இருந்தது. படித்த பெண் ஒருத்தி வந்து கிராமத்தாரைக் கேலி செய்கிறாள் என்று நேயர்கள் கோபித்துக்கொண்டால்? அதனால் இரவு 11 மணிக்குமேல்தான் இடம் கொடுத்தார்கள். அடுத்த சில நாட்களில் கடிதங்கள் குவிந்தன. கிராமத்தார்தான் எழுதியிருந்தார்கள்.

ஏன் கோபம் வரவில்லை? என் எண்ணம் இதுதான்: அவர் கதைகளில் கிரைண்டர்ஸ் ஸ்விட்ச் என்ற ஊரே நடமாடும். தம்பி உண்டு, நேபாப் மாமா உண்டு. ஆனால் யாரையும் மட்டம் தட்டிச் சிரிப்பு வாங்கமாட்டார். அடி விழுவதெல்லாம் மின்னியின் மேல்தான். அந்த ஊர்ப்பெயர்கூட சென்டர்வில் அருகே இருந்த ஒரு ரயில்பாதைத் தடமாற்றிடத்தின் பெயர். பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், அன்பில்லாத ஒரு வரி காதில் விழாது.

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து ஒரு பொறியாளர்:

சாரா பிறந்தது டென்னசி என்றாலும், மின்னி என்ற பாத்திரம் பிறந்தது எங்கள் அலபாமாவில் என்றே சொல்வேன்! கல்லூரி முடிந்ததும் அட்லாண்டா நாடக நிறுவனம் ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய், உள்ளூர் ஆட்களை வைத்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தார் சாரா. 1936 குளிர்காலத்தில் பெய்லிட்டன் பக்கம் வந்தவர், ஒரு மலைக்குடும்பத்து வயதான பெண்மணியின் வீட்டில் தங்கினார். அந்தம்மாளின் பேச்சும் கதைகளும் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டன. கிளம்பும்போது, 'நீயும் எங்களில் ஒருத்திபோலவே இருக்கிறாய்' என்ற பொருளில் அந்தம்மாள் சொன்னதைத் தனக்குக் கிடைத்த பெரும் பாராட்டாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார் சாரா.

அந்தப் பக்கம் பலமுறை காரில் போயிருக்கிறேன். மேடான நிலம், கோழிப்பண்ணைகள், சின்னச் சின்ன தேவாலயங்கள். பெட்ரோல் நிலையத்தில் முன்பின் தெரியாத பெரியவர் நின்று நலம் விசாரிப்பார். இதைத்தான் சாரா கேட்டு, மூன்று ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, 1939இல் தென் கரோலினாவின் எய்க்கனில் முதன்முதலாக மேடையேற்றினார்.

புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் ஒரு செவிலியர், டென்னசி:

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது ஒரு நோயாளி. கீமோதெரபிக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே "ஹௌடீ!" என்று கூவுவார். சாரா கேனன் பெயரில் இருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அது யார் தெரியுமா? எங்கள் மின்னி!" என்றார். நான் அதுவரை அந்தப் பெயர் ஏதோ கொடையாளருடையது என்றே எண்ணியிருந்தேன்.

1947இல் விமானி ஹென்றி கேனனை மணந்து சாரா கேனன் ஆனவர் அவர். 1985இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. இரு மார்பகங்களையும் அகற்றினார்கள். அதைப் பற்றிப் பொதுவில் பேசப் பலர் கூசிய காலம். அவர் வெளிப்படையாகப் பேசினார், பெண்களைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். ஆனால் மின்னியாக அல்ல, சாராவாக. சிரிக்கவைக்கும் மின்னியின் பெயரோடு நோயின் துயரம் சேர வேண்டாம் என்று எண்ணினார். என்னை மிகவும் உலுக்கியது அந்த முடிவு. தான் படைத்த பாத்திரத்தை இவ்வளவு பொத்திப் பாதுகாத்த கலைஞரை நான் அறிந்ததில்லை.

அந்த நோயாளி சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார். பரிசோதனைக்கு வரும்போது இப்போது நான்தான் முதலில் கூவுகிறேன்.

மீண்டும் நாஷ்வில் வாசகி:

செவிலியர் அம்மா எழுதியதைப் பாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். 1991இல் மின்னி பக்கவாதம் வந்து மேடையை விட்ட செய்தியும், 1996 மார்ச் 4 அன்று அவர் மறைந்த செய்தியும் வந்த நாட்கள் நினைவிருக்கின்றன என்றார். 1975இல் கன்ட்ரி இசைப் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்ததை, பாட்டால் அல்ல, நகைச்சுவையால் சேர்ந்தார் என்று சொந்த வீட்டுப் பெருமைபோலச் சொல்கிறார்.

'ஹீ ஹா' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், கேட்டு இங்கே எழுதுங்கள். அவர்களுக்கெல்லாம் வயதாகிக்கொண்டிருக்கிறது.