புதுப்பிப்பு: எம்மா மெர்ஸ்க் பின்னால் போவது எப்படி?

2006-இல் கடலுக்கு வந்த எம்மா மெர்ஸ்க் சரக்குக் கப்பலின் 14 சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். ரிவர்ஸ் கியர் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அருமையான கேள்வி.

கியர்பாக்ஸே கிடையாது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் நேராகப் புரொப்பெல்லரோடு இணைந்திருக்கிறது. அதனால் எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் கிளப்புகிறார்கள். சுமார் 30 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 30 மடங்கு) அழுத்தத்தில் காற்றைச் சிலிண்டருக்குள் விட, 96 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன் கீழிறங்கும். சுழற்சி பிடித்ததும் எரிபொருள் பாயும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டும் இல்லாததால் வால்வு திறக்கும் நேரத்தைக் கணினியே மாற்றிவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், ஓடும் கப்பலில் இதைச் சட்டென்று செய்ய முடியாது. எரிபொருளை நிறுத்தினாலும் எதிர்வரும் தண்ணீர் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். வேகம் நன்றாகக் குறைய வேண்டும்.