கிராம்ப்ஸ் பாட்டுகளில் பேஸ் கிட்டாரே இல்லையா? பயமும் ஆட்டமும் எப்படிச் சேர்ந்து வருகிறது?

நள்ளிரவு ரேடியோ கேட்டது:

'வெட்னஸ்டே' தொடரில் ஜென்னா ஒர்டேகா ஆடும் அந்த நடனக் காட்சியைப் பார்த்துத்தான் கிராம்ப்ஸ் குழு எனக்கு அறிமுகம். அதில் ஒலிக்கும் அவர்களுடைய 'கூ கூ மக்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அப்படியே பின்னால் போய் அவர்களுடைய ஆரம்பகாலப் பாட்டுகளுக்கு வந்துவிட்டேன். ஓநாய் மனிதன், ஈ மனிதன், செத்தவர்கள் என்று வரிசையாக வருகிறார்கள். முதுகு சில்லிடுகிறது, ஆனால் கால் பாட்டுக்குத் தாளம் போடுகிறது. இது எப்படி?

அப்புறம், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் எங்கேயுமே கேட்கவில்லை. என் ஹெட்ஃபோனில் கோளாறா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இவர்கள் பழைய பேய்ப்படங்களைக் கேலி செய்கிறார்களா? நண்பன் ஒருவன் "எல்லாம் வேஷம்" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எதிரொலி எழுதியது:

ஹெட்ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. 1976-இல் நியூயார்க்கில் தொடங்கியபோதே பேஸ் கிடையாது. இரண்டு கிட்டார், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். 1986-இல் வந்த ஆல்பத்தில்தான் பேஸ் நுழைந்தது. அதையும் கிட்டாரிஸ்ட் பாய்சன் ஐவியே வாசித்தார்.

ஆறாம் கம்பி எழுதியது:

நானும் கிட்டார் வாசிப்பவன். இந்தக் குழுவைப் பற்றி யார் கேட்டாலும் சும்மா இருக்க முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1978-இல் வந்த 'ஹியூமன் ஃப்ளை' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐவியின் கிட்டார் சுத்தமான ஒலி. ஒவ்வொரு சுரமும் தனியாக நின்று லேசாக நடுங்கும். ஒரு படி, இன்னொரு படி என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். இன்னொரு கிட்டாரிஸ்ட் பிரயன் கிரிகரியின் கிட்டார் நேர் எதிர். ஒலியைக் கரடுமுரடாக்கும் ஃபஸ் பெடல் போட்டுக் கரகரவென்று ரீங்காரமிடும். பாடகர் லக்ஸ் இன்டீரியர் போதாக்குறைக்கு வாயாலேயே ஈ மாதிரி ரீங்காரம் செய்வார். வழக்கமான ராக் குழுவில் இந்த இரண்டு கிட்டாருக்கும் அடியில் பேஸ் ஒரு தரை போட்டுக் கொடுக்கும். இங்கே அந்தத் தரையே இல்லை. கேட்கிறவனுக்குக் காலடியில் வெறும் பள்ளம். உங்கள் முதுகு சில்லிடுவது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரிகளில் வரும் பேய் பிசாசுக்கு அதில் பங்கு குறைவு.

அந்தப் பள்ளத்தை நிரப்புவது எதிரொலி. முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய மெம்ஃபிஸ் வரை போனார்கள். எல்விஸை முதன்முதலில் பதிவு செய்த சாம் பிலிப்ஸின் ஸ்டூடியோ அது. தயாரிப்பாளர் அலெக்ஸ் சில்டன், ஆல்பம் வெளிவந்தது 1980. ஐம்பதுகளின் ராக்கபில்லி என்ற ஆரம்பகால ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் குரல் ஒலித்த கையோடு, கண்ணிமைக்கும் நேரத்தில், அதே குரல் ஒரே ஒருமுறை திரும்பி வரும். இவர்கள் அந்த எதிரொலியை இன்னும் ஆழமாக்கினார்கள். லக்ஸ் விக்கல் எடுப்பதுபோல ஒரு சொல்லை வெட்டி நிறுத்துவார். அந்த விக்கல் எங்கோ காலியான அறையில் பட்டுத் திரும்பும். ஆனால் அடியில் டிரம்மர் நிக் நாக்ஸ் அடிக்கும் தாளம் அப்பட்டமான நடனத் தாளம், நேராக, அலட்டல் இல்லாமல். பயம் ஒலியின் நிறத்தில் இருக்கிறது, ஆட்டம் தாளத்தில் இருக்கிறது. ஒன்றை ஒன்று இடிப்பதில்லை.

கேலியா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை. லக்ஸ் ஒஹாயோ மாநிலத்துக்காரர். 1963 முதல் 1966 வரை அந்த மாநிலத்தின் கிளீவ்லாந்து நகர டிவியில் 'கூலார்டி' என்ற பெயரில் எர்னி ஆண்டர்சன் வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டமான திகில் படங்களைத் தொகுத்து வழங்குவார். ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு படத்தின் நடுவிலேயே புகுந்து கலாட்டா செய்வார், பின்னணியில் ராக் அண்ட் ரோல் ஓடும். திகில், சிரிப்பு, ராக் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு பையனின் மூளைக்குள் போனது அப்படித்தான். கிராம்ப்ஸின் 1990 ஆல்பத்தின் தலைப்பே கூலார்டி அடிக்கடி சொல்லும் வாசகம். ஆண்டர்சன் இறந்த 1997-இல் வந்த ஆல்பத்தை அவருக்கே சமர்ப்பித்தார்கள். முப்பது வருடம் தாண்டியும் ஒரு டிவி ஆளை நெஞ்சில் வைத்திருப்பவர்களை வேஷக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் நண்பருக்கு ஒரே ஒரு வீடியோவைக் காட்டுங்கள். 1978 ஜூன் 13, கலிஃபோர்னியாவின் நாபா அரசு மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்காக வாசித்தார்கள். மங்கலான கறுப்பு வெள்ளைப் பதிவு. நோயாளிகள் மேடைக்கே வந்து ஆடுகிறார்கள், மைக்கில் கத்துகிறார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. லக்ஸ் அவர்களுடன் தரையில் உருளுகிறார், மைக்கைப் பகிர்ந்துகொள்கிறார். உங்களைப் பைத்தியங்கள் என்று யாரோ சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லையே என்கிற மாதிரி அவர்களிடம் பேசுகிறார். அந்த மனுஷனிடம் ஏளனம் துளிகூட இல்லை.

சவப்பெட்டி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் மூலவரை விட்டுவிட்டீர்களே! 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ' பாடிய ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ். அந்தப் பாட்டு 1956. வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் கொடுத்த யோசனைப்படி மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வருவார். கையில் ஒரு கோல், அதன் முனையில் 'ஹென்றி' என்று பெயர் வைத்த மண்டையோடு. அவர் போட்ட பாதையில்தான் பிறகு வந்த அத்தனை பேரும் நடந்தார்கள்.

நள்ளிரவு ரேடியோ எழுதியது:

நாபா வீடியோவைப் பார்த்தேன். நண்பனுக்கும் அனுப்பிவிட்டேன். இனி எதைக் கேட்கலாம்? மிஸ்ஃபிட்ஸ் குழுவும் இதே ரகமா?

ஆறாம் கம்பி எழுதியது:

சவப்பெட்டி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஹாக்கின்ஸைக் கட்டாயம் கேளுங்கள்.

மிஸ்ஃபிட்ஸ் வேறு ரகம். 1977-இல் நியூ ஜெர்ஸியின் லோடையில் கிளென் டான்ஸிக் தொடங்கியது. படிமங்கள் அதே பழைய திகில் படங்கள்தான், அவர்களுடைய மண்டையோட்டுச் சின்னமே 1946-இல் வந்த ஒரு தொடர்படத்தின் வில்லன் முகம். ஆனால் அங்கே வேகம் அதிகம், எல்லோரும் சேர்ந்து கத்தும் பல்லவிகள், பேஸும் உண்டு. 1982-இல் வந்த 'வாக் அமங் அஸ்' ஆல்பத்தில் தொடங்குங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. 'கூ கூ மக்' கிராம்ப்ஸின் சொந்தப் பாட்டு கிடையாது. 1962-இல் ரானி குக் அண்ட் த கேலாட்ஸ் பாடியது. பழைய இசைத்தட்டுக் குவியல்களைத் தோண்டி இப்படி மறந்துபோன பாட்டுகளை எடுப்பதில் லக்ஸுக்கும் ஐவிக்கும் தீராத வெறி இருந்தது. மூலத்தைக் கேட்டுவிட்டு உடனே கிராம்ப்ஸின் 1981 பதிவைப் போடுங்கள். அவர்கள் எதைத் தொடாமல் விட்டார்கள், எங்கே இருட்டைக் கூட்டினார்கள் என்று காதே சொல்லிவிடும். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், ஐவியின் கிட்டாரைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.