வகுப்பறைத் தொட்டியில் வெளியே வராத சிக்லிட் மீன்கள்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, திருப்பரங்குன்றம்

சிக்லிட் குடும்பத்துச் சிறு மீனான கிரிபென்சிஸை வளர்த்தவர்களுக்கு அதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டி, ஸ்பாஞ்ச் பில்டர், நான்கு மீன்கள். தண்ணீரை ஒரு மாதம் ஓடவிட்டுப் பழக்கிய பிறகே மீனை விட்டோம். அவை ஒளிந்துகொள்ள மானாமதுரை மண்சட்டிகள் இரண்டை விளிம்பில் வாசல் உடைத்துக் கவிழ்த்து வைத்தோம். தொட்டி இருந்தது வாசற்கதவுக்கும் கரும்பலகைக்கும் நடுவே. மூன்று வாரங்களில் ஒரு மீனை முழுதாகப் பார்த்த மாணவர் எவருமில்லை. சட்டி வாசலில் ஒரு மூக்கு தெரியும். "வந்துருச்சு" என்று முப்பத்தெட்டுப் பேரும் எழுந்தால் அதுவும் மறைந்துவிடும். "டீச்சர், இது சும்மா தண்ணித் தொட்டி" என்று ஒரு மாணவன் தீர்ப்பே எழுதிவிட்டான்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று சொல்லப்பட்ட ஒரு காலையில், வெறும் தண்ணீரையா காட்டுவது என்ற கூச்சத்தில், தொட்டிக்குள் கைவிட்டு இரண்டு சட்டிகளையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். நான்கு மீன்களும் பின்மூலையில் ஒன்றையொன்று ஒட்டி ஒடுங்கின. பெண்மீனின் வயிற்றிலிருந்த அந்த நாவற்பழ நிறம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துச் சாம்பலாகிவிட்டது; செவுள்கள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அப்போது முன்வரிசை மாணவி ஒருத்தி, யாரும் சொல்லாமலே எழுந்து வந்து, தன் கணக்கு நோட்டைத் திறந்து அந்த மூலைக் கண்ணாடியின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். இடைவேளை மணி அடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அதிகாரி அன்று வரவேயில்லை.

சட்டிகளைப் பிற்பகலில் திரும்ப வைத்துவிட்டேன். மிரட்டாமல் இவற்றை வெளியே வரவைத்தவர்கள் யாரேனும் இருந்தால், உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள்.

முப்பதாண்டு மீன் வளர்ப்பவர், எஸ்.எஸ். காலனி

டீச்சர், சட்டியை எடுத்தது தவறு என்பதை நீங்களே உணர்ந்துவிட்டதால் அதைப் பற்றி நான் எழுதவில்லை. ஒளியும் இடம் குறையக் குறைய மீன் வெளியே வருவதும் குறையும். ஒரே பாய்ச்சலில் புகுந்துகொள்ள ஓரிடம் இருக்கிறது என்ற உறுதி இருந்தால்தான் அது வாசலைத் தாண்டும். ஆகவே இரண்டு சட்டி போதவில்லை என்றால் மூன்றாவதை வையுங்கள்.

நண்பர் ஒருவர் பணியாற்றிய பள்ளியில் இதே கிரிபென்சிஸ் தொட்டியை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கமும் இரு பக்கவாட்டுகளும் கறுப்புச் சார்ட் தாளால் மூடப்பட்டன. மேல்மட்டத்தில் நீந்துவதற்கு ஆறு ஜீப்ரா டேனியோக்கள் விடப்பட்டன. நான்காம் நாள் நான் அங்கிருந்தபோது பள்ளி மணி அடித்தது. சட்டிக்கு வெளியே ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்த ஆண்மீன் துடுப்புகளை ஒடுக்கி, உள்ளே பாயத் தயாராகி, ஆனால் பாயாமல், தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்த டேனியோக்களையே பார்த்தபடி நின்றது. அவை ஒருமுறை வெட்டித் திரும்பிவிட்டுப் பழையபடி நீந்தத் தொடங்கின. அதன் பிறகே அதன் துடுப்புகள் விரிந்தன. மணலைக் கொத்தத் தொடங்கிவிட்டது. ஐந்து விநாடிகூட இருக்காது; இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மேலே திரியும் சிறு மீன்கள் அஞ்சாமல் இருந்தால் சுற்றிலும் பகை இல்லை என்று சிக்லிட் எடுத்துக்கொள்கிறது. வேட்டையில் மற்ற மான்களை நம்பவைத்து வரவழைக்கப் பழக்கிக் கட்டிவைக்கும் மானைப் பழந்தமிழர் 'பார்வை' என்றார்கள். டேனியோ நமக்கு அப்படியொரு பார்வை. கொல்வதற்கு அல்லாமல் காண்பதற்கு வைக்கும் பார்வை.

அறிவியல் ஆசிரியர், மேலூர்

சிக்லிட் என்றாலே கடையில் வாங்கும் வெளிநாட்டு மீன் என்று பலர் நினைக்கிறார்கள். நம் கண்மாய்களில் பிடிபடும் ஜிலேபியும் சிக்லிட்தான். ஆப்பிரிக்க மீனான அது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆறு, குளம் என்று பாராமல் பெருகிவிட்டது. இந்தியாவின் சொந்தச் சிக்லிட்கள் மூன்றே மூன்று. கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன் அவற்றுள் ஒன்று.

என் மாணவர்கள் குடத்தில் கொண்டுவந்த ஜிலேபிகளில் ஐந்தைத் தொட்டியில் விட்டோம். முதல் மாதம் கையிலிருந்தே இரை வாங்கின. பிறகு ஒரு பெண்மீன் மட்டும் பில்டருக்குப் பின்னால் ஒதுங்கி, இரையைத் திரும்பியும் பார்க்காமல், தாடை சற்றே புடைத்தபடி நின்றது. நோய் கண்டுவிட்டது, மற்றவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நான் முடிவுசெய்து, வகுப்பு முழுவதும் பார்த்திருக்க வலையால் அள்ளினேன். வலை நீருக்கு மேலே வந்த கணத்தில் அது வாயைத் திறந்து, கடுகளவு கண்களுள்ள குஞ்சுகளைக் கொத்தாக வலைக்குள் உமிழ்ந்துவிட்டது. முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் மீன் இது என்று பாடமாக நடத்தியவன் நானே. கையில் வலையோடு நின்ற என்னிடம், "சார், திரும்ப வாய்க்குள்ள வச்சிருங்க சார்" என்று ஒரு மாணவன் கெஞ்சினான். குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டோம். தாய் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே ஒரு மீன் ஒளிந்திருக்கிறது என்றால் அதைக் கூச்சம் என்று கொள்வதற்கு முன் நன்றாகப் பாருங்கள். டீச்சரின் கிரிபென்சிஸ் சட்டியின் உட்கூரையில் முட்டையிடும் இனம். அன்று உள்ளே முட்டை இருந்ததா என்று பார்த்தீர்களா?

பி.எட். மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பயிற்சிக்குச் சென்ற பள்ளியில் நானும் இதைக் கண்டிருக்கிறேன். கடைசி வரிசையில் வாய் திறக்காத பிள்ளையும் இந்த மீனும் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது. இரண்டுக்கும் அன்பும் பொறுமையும் காட்டினால் போதும்.

மீன் கடை வைத்திருப்பவர், மதுரை

எஸ்.எஸ். காலனி ஐயா சொன்னது கிரிபென்சிஸுக்குப் பொருந்தும். எல்லாச் சிக்லிட்டுக்கும் பொருந்தாது. எங்களிடம் ஆஸ்கர் என்னும் பெரிய சிக்லிட்டை வாங்கிய ஒரு பள்ளியில், அது தொட்டியின் மூலையைவிட்டு அசையவில்லை என்றதால் நானே எட்டு டேனியோக்களைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை தலைமையாசிரியை அழைத்து, "தம்பி, ஆஸ்கர் வெளியே வந்துவிட்டது" என்றார். எனக்கு மகிழ்ச்சி. "எட்டு மீனையும் காணவில்லை" என்று அடுத்துச் சொன்னார்.

இதையும் கேளுங்கள். கடைக்கு வந்து புலம்பும் ஆசிரியர்களின் தொட்டியைப் போய்ப் பார்த்தால், குறை மீனிடம் இருப்பதில்லை. தொட்டி வைத்த இடத்தில்தான் இருக்கும். வகுப்பறையில் டியூப்லைட்டுக்குக் கீழே மின்விசிறி சுழலும். அதன் இறக்கையின் நிழல் தொட்டியின்மேல் விட்டுவிட்டு விழுந்துகொண்டே இருக்கும். மேலிருந்து நிழல் விழுந்தால் மீனுக்கு அது கொக்கும் மீன்கொத்தியும்தான். தொட்டிக்கு மேல் ஓர் அட்டையோ மூடியோ போட்டாலே பாதி அச்சம் தீரும். பெஞ்சை இழுக்கும் அதிர்வை மீன் காதால் மட்டும் கேட்பதில்லை. உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால் உணர்கிறது. பெஞ்சு உரசும் அதே மேசைமேல் தொட்டியை வைக்காதீர்கள். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போடுங்கள். கண்ணாடியைத் தட்டுவது பற்றி எழுதத் தேவையில்லை, தட்டத்தான் போகிறார்கள். விளக்கைத் திடீரென்று போடாதீர்கள், மீனுக்கு இமை கிடையாது; முதலில் சன்னலைத் திறந்து, வெளிச்சம் பரவிய பிறகு தொட்டி விளக்கைப் போடுங்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து வைத்து, குளோரின் போக்கும் சொட்டு மருந்தை விட்டு, ஒரு நேரத்தில் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். போர்த் தண்ணீர் கடினநீராக, காரத்தன்மையோடு இருக்கும் இடங்களில் மலாவி ஏரியின் மஞ்சள் சிக்லிட் நன்றாக வரும், ஏனென்றால் அதன் ஏரி நீரே காரத்தன்மையுள்ளது. மென்னீர்ச் சிக்லிட்டான டிஸ்கஸ் அங்கே படாதபாடு படும். சனி, ஞாயிறு இரை போடாவிட்டால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமை காலைப் பசியை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவரே இரை போட வேண்டும்.

அறிவியல் ஆசிரியர், மேலூர்

நாகமலை மாணவிக்கு ஒரு சொல். அந்த ஒப்பீடு கேட்க இனிமையாக இருக்கிறது. மீனுக்கும் பிள்ளைக்கும் அது நியாயம் செய்யவில்லை. மீனிடம் இருப்பது கூச்சம் அன்று, எச்சரிக்கை. ஆற்றில் அதை உயிரோடு வைத்திருந்தது அதுவே. பொறுமை மட்டும் காட்டினால் விசிறியின் நிழல் நின்றுவிடுமா? கடைசி வரிசைப் பிள்ளையோ, பேசாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணங்கள் வைத்திருப்பான். அவற்றுக்கு டேனியோ கிடையாது.

மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய், அனுப்பானடி

எனக்கு மீன் வளர்ப்புத் தெரியாது. பொங்கல் விடுமுறையில் வகுப்புத் தொட்டிக்கு இரை போடும் பொறுப்பு என் மகனுக்கு வந்தது. அவனுக்குக் காய்ச்சல் என்பதால் நான் போனேன். காவலர் கதவைத் திறந்துவிட்டு அப்பால் போய்விட்டார். விசிறி ஓடவில்லை, விளக்கு இல்லை, ஒரு சன்னல் மட்டும் திறந்திருந்தது. இதுவரை வால்கூடத் தெரிந்ததில்லை என்று என் மகன் சொல்லிவந்த அந்தத் தொட்டியில் ஏழு மஞ்சள் மீன்களும் நட்டநடுவில் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்று மணலை வாயால் அள்ளி ஒதுக்கிக் குழி பறித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் உட்காரும் அந்தத் தாழ்ந்த பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினேன். ஏழும் கல்லிடுக்கில் மறைந்துவிட்டன.

வீட்டில் வந்து சொன்னேன். "பொய் சொல்றம்மா" என்றான். படம் எடுத்திருந்தால் நம்பியிருப்பான், எடுக்கப் போனதால்தான் மறைந்தன என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, திருப்பரங்குன்றம்

மேலூர் ஐயா கேட்டதற்கு முதலில் பதில். முட்டை இருந்ததா என்று அன்று பார்க்கவில்லை. எடுத்த சட்டிகளை வாளியில்கூட வைக்காமல் தரையில் வைத்திருந்தேன். உங்கள் கேள்வியைப் படித்த இரவில் தூக்கம் வரவில்லை.

கடைக்காரர் எழுதியதைப் படித்த மறுநாள், தொட்டியைக் கதவோரத்திலிருந்து எடுத்து வகுப்பின் பின்சுவரோரம் வைத்தோம். மூன்று பக்கமும் கறுப்புத் தாள், மேலே அட்டை, கூடுதலாக ஒரு சட்டி, ஆறு டேனியோக்கள். பள்ளி வளாகத்தில் பாதாம் மரம் இருப்பதால் உதிர்ந்து காய்ந்த இலைகள் நான்கைக் கழுவிப் போட்டேன். இரண்டு நாளில் தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு வந்து வெளிச்சம் தணிந்தது. தாளில் விரலகலத்துக்கு மூன்று துளைகள் போட்டு, வேண்டியவர்கள் அதன் வழியே பார்க்கலாம் என்றேன். இதை எனக்குச் சொன்னவள் நோட்டைப் பிடித்திருந்த மாணவி. தாளை ஒட்டும் முன்னரே அவள் துளை போட்டுவிட்டாள் என்பதே உண்மை.

ஒன்பதாம் நாள், பதினாறாம் வாய்ப்பாடு. பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்க, தொட்டி அவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "ஏழு பதினாறு" என்று நான் கேட்டபோது பெண்மீன் நடுச்சட்டியிலிருந்து வெளியே வந்தது. மூக்கு, பிறகு வயிற்றின் அந்த நிறம், பிறகு வால் முழுதும். டேனியோக்களுக்குக் கீழே மெதுவாக ஒரு சுற்று வந்தது. "நூற்றுப் பன்னிரண்டு" என்று வகுப்பு சொல்லி முடித்த பிறகும் நான் அடுத்ததைக் கேட்காமல் நின்றுவிட்டேன் போலும். முதலில் ஒருவன் திரும்பினான், பிறகு முப்பத்தெட்டுப் பேரும் திரும்பினார்கள். அதற்குள் அது உள்ளே போய்விட்டது.

சும்மா தண்ணித் தொட்டி என்றவன் என்னையும் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "எட்டு பதினாறு கேளுங்க டீச்சர்" என்றான்.