ஸ்டீம் மாப் வாங்கலாமா? பாதி வீடு டைல்ஸ், பாதி ரெட் ஆக்சைடு தரை

கிழக்குக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். ஸ்டீம் மாப், அதாவது தண்ணீரைச் சூடாக்கி நீராவியால் தரை துடைக்கிற மெஷின், வைத்திருப்பவர்கள் நேராகச் சொல்லுங்கள், கொடுக்கிற காசுக்குத் தகுமா? எங்கள் வீட்டில் முன்கூடமும் சமையலறையும் விட்ரிஃபைட் டைல்ஸ், பின்னால் இருக்கிற பழைய இரண்டு அறைகளும் தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரை, சிவப்புச் சாயம் கலந்த சிமெண்ட் தரை. கார்த்திகை பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும், தை மாசி வரைக்கும் காலையில் கூட்டிய தரையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம், அத்தனை புழுதி. பையன் தவழ ஆரம்பித்திருக்கிறான், கையில் பட்டதெல்லாம் வாய்க்குப் போகிறது, பினாயில் போட்டுத் துடைக்க மனசு வரவில்லை. அத்தைக்கு முட்டி வலி, குனிந்து பிழிவது அவர்களால் ஆகாது. பங்குனி சித்திரையில் இந்தப் பக்கம் தண்ணீருக்குப் படுகிற பாடும் தெரிந்ததுதான், தரைக்கு ஒரு வாளி என்றாலே யோசிக்க வேண்டியிருக்கிறது. பொள்ளாச்சியில் ஒரு கடையில் ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடைத் தரையில் என்ன அழுக்கு இருக்கப் போகிறது? வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். போர் தண்ணீர் வேறு உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதையே மெஷினில் ஊற்றலாமா?

குழித்துறைக்காரி

வாங்கலாம் தங்கச்சி, ஆனால் டைல்ஸுக்கு மட்டும் என்று நினைத்து வாங்குங்கள். எங்கள் ஊரில் ஆனி ஆடி மழையில் ஈர மாப் போட்டால் தரை காயவே காயாது, ஒரு வாடை அடித்துக்கொண்டே இருக்கும். இதில் லேசான ஈரம்தான் நிற்கும், ஃபேனைப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். அடுப்புக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு, மீன் அரிந்த இடம், வெள்ளிக்கிழமை போட்ட மாக்கோலம் காய்ந்து ஒட்டியது, இந்த மூன்றுக்கும் சோப்பே வேண்டாம், மெதுவாக இரண்டு தடவை இழுத்தால் போதும். மஞ்சள் கறை மட்டும் போகாது.

ஆனால் இது குப்பையை எடுக்காது. வாரியலால் நன்றாகப் பெருக்கிய பிறகுதான் இதைத் தொட வேண்டும், புழுதி கிடக்கும்போது ஓட்டினால் நீராவியில் சேறாகி டைல்ஸ் இடுக்கில் போய் உட்காரும், அப்புறம் அதைப் பிரஷ் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். ஆரம்பத்தில் தரை கோடு கோடாகத் தெரியும், பயப்படாதீர்கள், இத்தனை நாள் போட்ட பினாயிலும் சோப்பும் படிந்திருப்பது இளகி வருவது அது, போகப் போகச் சரியாகும். அடியில் மாட்டும் துணி கூடுதலாக மூன்று நான்கு வாங்கி வையுங்கள். ஒரே துணியோடு வீடு முழுக்க ஓட்டினால் ஓர் அறை அழுக்கை அடுத்த அறைக்குக் கொண்டு போவதுதான் நடக்கும்.

பையனுக்காகக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். சூடு ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால்தான் கிருமி சாகும், சரசரவென்று இழுத்துக்கொண்டு போனால் துடைத்த பலன் மட்டும்தான். ஓட்டும்போது குழந்தை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, நீராவி பட்டால் கையைச் சுட்டுவிடும்.

மீட்டர்பெட்டி (செங்கோட்டை)

வயரிங் வேலை செய்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். இந்த மெஷின்கள் பெரும்பாலும் 1300 முதல் 1500 வாட் வரை இழுக்கும். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர் வருகிறது, அதாவது ஃபேன், செல்போன் சார்ஜர் மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பாயிண்ட்டே வேண்டும். பழைய வீடுகளில் அது சமையலறையிலோ வாஷிங் மெஷின் பக்கத்திலோ ஒன்று இருந்தாலே பெரிது. மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்காதீர்கள், பிளக் உருகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வைக்கிற சாதாரண இன்வெர்ட்டரிலும் ஓடாது, கரண்ட் போனால் வேலை நின்றது நின்றதுதான்.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம், 20 நிமிடம் ஓட்டினால் அரை யூனிட். தண்ணீர் மிச்சம் என்பதும் உண்மை. 1500 வாட் சூட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 35 மில்லிதான் ஆவியாகும், 350 மில்லி டேங்க் முழு வேகத்தில் 10 நிமிடம் வரும், கூடம் பெரிதென்றால் இன்னொரு தடவை ஊற்ற வேண்டியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும், துணி அலசுகிற தண்ணீர் தனி. மறுபடி ஊற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறிய பிறகு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் உள்ளே அழுத்தம் இருக்கும், அவசரப்பட்டுத் திறந்தால் முகத்தில் அடிக்கும்.

தறிக்காரன் (நகரி)

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் அம்மா. எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, தரை முழுக்கப் பஞ்சும் நூல் துணுக்கும், இதை ஓட்டினால் ஈரத்தில் எல்லாம் திரண்டு துணியில் சுருண்டுகொள்ளும், பிய்த்து எடுப்பதே ஒரு வேலை. உங்களுக்குப் பஞ்சுக்குப் பதிலாகப் புழுதி. காற்று அடிக்கிற மாதங்களில் தினமும் கூட்டித்தான் ஆக வேண்டும், கூட்டிய பிறகு தட்டையான மைக்ரோஃபைபர் மாப்பை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும், பினாயில் எதற்கு, வெறும் தண்ணீரே போதுமே. நின்றபடியே பிழிகிற வாளியும் அதோடு சேர்ந்து வருகிறது, உங்கள் அத்தை குனிய வேண்டாம். ஸ்டீம் மாப் 2, 3 கிலோ கனம், கூடவே வயரையும் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும், முட்டி வலிக்காரர்களுக்கு அது சுலபம் இல்லை.

வாங்கித்தான் தீருவேன் என்றால் போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு உள்ளேயே தங்கி ஓட்டையை அடைக்கும். எங்கள் ஊர் கீஸர் காயிலைக் கழற்றிப் பார்த்தால் தெரியும் எவ்வளவு படிகிறது என்று. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் கேனை வாங்கி ஊற்றுங்கள், ஓட்டி முடித்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். டேங்கில் பினாயிலோ வாசனைத் தைலமோ கலக்கவே கூடாது.

கிழக்குக்காற்று

எல்லோருக்கும் நன்றி. பவர் பாயிண்ட் விஷயம் கடைக்காரர் சொல்லவே இல்லை. சமையலறையில் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து கூடத்தின் பாதி வரைக்கும் வயர் எட்டும். ரெட் ஆக்சைடு தரையைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

குழித்துறைக்காரி

அதில் வேண்டவே வேண்டாம். கரணையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மேலே மெழுகோ எண்ணெயோ ஏற்றிய தரை அது, சூட்டில் அந்தப் பூச்சு கிளம்பிவிடும், அப்புறம் தரை திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் உள்ளேயும் இறங்கும். மெழுகு ஏற்றிய மரத்தரை, லேமினேட், ஒட்டுகிற வினைல் ஷீட் எதற்கும் இதே பேச்சுதான். பழைய அறைகளுக்கு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும். நிறம் மங்கினால் எப்போதாவது இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, உடனே காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுத்துவிடுங்கள். அத்தை நடக்கிற வழியில் மட்டும் எண்ணெய் வேண்டாம், வழுக்கும்.