தீவாளி பொங்கலுக்குப் பாத்த படம்: மறக்க முடியாதது, திரும்ப பாக்கவே முடியாதது

காவிரிக்கரை:
புடிச்ச பண்டிகைப் படம்னா எனக்கு தேவர் மகன், 92 தீவாளி. அதப்பத்தி புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. நான் எழுத வந்தது இன்னொண்ணு, மகாநதி. 1994 பொங்கலுக்கு வந்துச்சு. அப்ப எனக்கு பன்னெண்டு வயசு, கும்பகோணத்துல மத்தியான ஷோ, அப்பா அம்மா நான் தம்பி நாலு பேரும் போனோம். படத்துல கமல் பேரு கிருஷ்ணசாமி, அவருக்கு ஊரு திருநாகேஸ்வரம்னு வந்ததும் தியேட்டரே கை தட்டுச்சு, எங்க ஊருக்கு பக்கத்து ஊருல்ல. அப்புறம் அந்த பொங்கல் பாட்டு. வீட்ல காலையிலதான் பொங்கப் பானை எறக்கி வச்சுட்டு வந்துருக்கோம், திரையிலயும் பொங்கல், அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

அதுக்கு மேலதான் கதை சீட்டுக் கம்பெனிக்குப் போவுது. எங்க அப்பா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் டவுன்ல ஒரு சீட்டாபீஸ்ல நெல்லு வித்த காசு மொத்தத்தையும் கட்டி எழந்துருந்தார். அவர் காசு போனது மட்டும்னா பரவால்ல, அவர் பேச்ச நம்பி தெருவுல ஒம்போது வீடு கட்டியிருந்துச்சு, ஆபீஸ இழுத்து மூடுனதும் அந்த ஒம்போது வீடும் வந்து நின்னது எங்க திண்ணையிலதான். படத்துல அது எல்லாம் வரும்னு யாருக்கு தெரியும், கமல் படம் பொங்கல் ரிலீஸ்னு போயிட்டோம்.

பாதியில பாத்தா அப்பா சீட்ல இல்ல. அம்மா என்னைய போயி பாருன்னு அனுப்புனாங்க. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல செவுத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தார், காலையில கட்டுன புது வேட்டி, முனையில மஞ்சள் தடவியிருக்கும்ல, அந்த முனைய வெரல்ல சுருட்டுறதும் விடுறதுமா இருந்தார். வயித்து வலியாப்பான்னு கேட்டேன். அவர் என்னைய கேட்டார், "உள்ள நம்ம தெருக்காரங்க யாராச்சும் ஒக்காந்துருக்காங்களாடா?"

முப்பது வருஷம் ஆச்சு, அந்தக் கேள்வி போவல. நல்ல படம், ரொம்ப நல்ல படம், கிருஷ்ணசாமியோட பொண்ணு கல்கத்தாவுல தூக்கத்துல பேசுற எடத்த இன்னைக்கும் என்னால பாக்க முடியாது. ஆனா பண்டிகைப் படத்துல எனக்கு ஆகவே ஆகாத படம் எதுன்னா அதுதான்.

வெம்பக்கோட்டை:
அண்ணே படிச்சுட்டு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீக, நல்ல நாளும் அதுவுமா அப்படி ஒரு படத்த ஜனங்களுக்கு காட்டுனதே தப்பு. பண்டிகைக்கு வர்ற சனம் வருஷம் பூரா பட்ட பாட்ட மறக்கத்தான வருது. எங்க பக்கம் தீவாளிதான் சோறு போடுறதே, பட்டாசு ஆபீஸ்ல வேல பாத்த குடும்பம். தீவாளிக்கு ரெண்டு நாள் முன்ன வரைக்கும் ஐயாவும் அம்மாவும் மூச்சு விட நேரமில்லாம வேல பாப்பாக, போனஸ வாங்கிட்டு வந்து அன்னைக்குத்தான் துணியே எடுப்போம்.

95 தீவாளிக்கு முத்து. சிவகாசியில கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், எங்க ஐயா என்னைய தோள்ல தூக்கி வச்சுட்டு கவுண்டருக்குள்ள போனாரு. ரஜினி வந்ததும் ஐயா கைய மேல தூக்கி தட்டுறாரு, அந்த இருட்டுல திரை வெளிச்சம் பட்டு அவர் கை பளபளன்னு மின்னுது. மருந்து கலக்குற கை, அலுமினியப் பவுடரு எத்தன தடவ சோப்பு போட்டாலும் நகத்து இடுக்குலயும் ரேகையிலயும் நிக்கும், எண்ணெய் தேச்சு குளிச்சும் போகாது. வீட்ல பாத்தா அழுக்கு மாதிரி இருக்கும், அன்னைக்கு வெள்ளி மாதிரி இருந்துச்சு. ஐயா வாய்விட்டு சிரிச்சு நான் பாத்தது வருஷத்துக்கு அந்த ஒரு நாளுதான். அதனால சொல்றேன், பண்டிகைப் படம்னா சிரிக்க வைக்கணும். பிடிக்காத படம் கேட்டா, பட்டாசு ஆபீஸ் வெடிக்கிறத ஒரு சண்டை சீனுக்காக காட்டுற எந்தப் படமும் எனக்கு ஆகாது, பேரு வேணாம்.

இளையவன்:
வெம்பக்கோட்டை சொல்றத ஒத்துக்க முடியாது. சிரிக்க வைக்கணும்னு சட்டமா இருக்கு? 87 தீவாளிக்கு நாயகன், 92க்கு தேவர் மகன், 2003க்கு பிதாமகன், இதுல எது சிரிக்க வைக்கிற படம்? சனம் பாக்காமயா போச்சு? அழுவறதுக்கும் ஒரு நாள் வேணும்ங்க.

என் கத 91 தீவாளி. நவம்பர் 5, ஒரே நாள்ல தளபதி, குணா. அண்ணன் ரஜினி, நான் கமல். வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து குடுத்தது ஒரு படத்துக்கான காசு. அண்ணன் மூத்தவன், அவன் சொன்ன தளபதிக்குத்தான் போனோம், நான் படம் பூரா மூஞ்ச திருப்பிட்டு ஒக்காந்துருந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு குணாவுக்கு தனியா போனா தியேட்டர்ல முப்பது பேரு கூட இல்ல, வந்து அண்ணன்கிட்ட சண்ட, நீ ஒரு பைத்தியக்காரன் படம் பாத்துட்டு வந்துருக்கன்னான். பெரிய வார்த்த அது எனக்கு. அப்புறம் அவன் துபாய்க்கு போயிட்டான், வருஷக்கணக்கா போன்ல நலமா சாப்டியா அவ்ளோதான் பேச்சு.

2024ல மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தப்ப அண்ணன் ஊருக்கு வந்துருந்தான், அவன்தான் வா போலாம்னான். கிளைமாக்ஸ்ல அந்த பையன குழியிலேருந்து தூக்கிட்டு வர்றப்ப குணாவோட கண்மணி அன்போட பாட்டு வருதுல்ல, பக்கத்துல திரும்பி பாக்குறேன், அண்ணன் கண்ணாடிய கழட்டி மடியில வச்சுட்டு தேம்பி தேம்பி அழுவறான், அம்பத்தாறு வயசு ஆளு. வெளிய வந்ததும், "குணாவ முழுசா பாக்கணும்டா, வீட்ல போடு"ன்னான். அன்னிக்கு நைட்டே போட்டேன். ரெண்டு மணி வரைக்கும் பாத்தோம்.

கணக்குப்பிள்ளை:
காவிரிக்கரை தம்பி, உங்க அப்பா விஷயம் படிச்சேன், மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. என் அனுபவம் சின்னது, 87 தீவாளிக்கு அம்மா தீவாளிச் சீட்டுல சேத்த காசுல மனிதன் பாத்தோம், அதே நாள்தான் நாயகனும், டிக்கெட் கிடைச்சது இதுக்கு. அவ்ளோதான்.

ஆனா சீட்டப்பத்தி எழுதாம இருக்க முடியல, ஏன்னா இன்னைக்கும் தீவாளிச் சீட்டு நகைச் சீட்டுன்னு நம்ம ஜனம் கொண்டுபோய் கொட்டிட்டுதான் இருக்கு. சீட்டு நடத்துறவங்க 1982 சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டுப் பதிவாளர்கிட்ட ஒவ்வொரு குரூப்பையும் பதிவு பண்ணியிருக்கணும், கம்பெனி பதிவு ஆயிருக்குன்னு ஒரு சர்டிஃபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தா அது பத்தாது, நீங்க சேர்ற குரூப்போட பதிவு நம்பர கேட்டு வாங்குங்க. நடத்துறவர் கமிஷன் முன்னாடி 5 சதவீதம் வரைக்கும் இருந்துச்சு, 2019 திருத்தத்துல 7 ஆக்குனாங்க, அதுக்கு மேல ஒருத்தன் பிடிக்கிறான்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. கட்டுற காசுக்கு பாஸ்புக்ல கையெழுத்து மாசாமாசம் வாங்குங்க, தேதியோட. தெரிஞ்சவர், சொந்தக்காரர், கோயில்ல பாக்குறவர் இதெல்லாம் ஜாமீன் இல்ல. ஏமாந்துட்டா லோக்கல் ஸ்டேஷனோட நிக்காம பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்க, ஏமாந்தது சீட்டோ டெபாசிட்டோ, கையில இருக்கிற ரசீது அத்தனையும் ஜெராக்ஸ் எடுத்து கொண்டு போங்க, நிதி நிறுவனத்துல டெபாசிட் போட்டவங்களுக்காக 1997ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே வந்துச்சு, மோசடி பண்ணவன் சொத்த முடக்க அதுல வழி இருக்கு. உங்க அப்பா எழந்தப்ப அந்தச் சட்டம் கிடையாது. அப்பவே இருந்துருக்கணும். முக்கியமா ஒண்ணு, மத்தவங்களுக்காக நீங்க வாய் வார்த்தையா உறுதி குடுக்காதீங்க, யாருக்கும் குடுக்காதீங்க.

காவிரிக்கரை:
ஐயா நல்லதுக்குதான் எழுதியிருக்கீங்க, தெரியுது. ஆனா நான் சீட்டப்பத்தி கேக்கல. அந்தக் கடைசி வரிய எங்க அப்பா படிச்சுருந்தா அவருக்கு வலிச்சுருக்கும். அவர் யாருக்கும் உறுதி குடுக்கல, நான் கட்டுறேன்னு சொன்னார், அத நம்பி அவங்க கட்டுனாங்க. அந்த ஒம்போது வீட்டுக்கும் அவர் எட்டு வருஷத்துல திருப்பிக் குடுத்தார், அரை ஏக்கரா போச்சு அதுல.

கணக்குப்பிள்ளை:
மன்னிச்சுக்கோங்க தம்பி. பேங்க்ல முப்பத்தோரு வருஷம் கவுண்டர்ல ஒக்காந்து இப்படி அழுதுட்டு வர்றவங்கள நெறைய பாத்துட்டேன், அந்த வேகம்.

ஆவடி அக்கா:
என் வீட்டுக்காரர் சிஆர்பிஎஃப். எத்தனையோ வருஷம் கழிச்சு 2024 தீவாளிக்கு லீவு கெடச்சுது, பதினஞ்சு நாள். அமரன் வந்துருக்கு, நம்ம படம் மாதிரி போலாம்னு அவர்தான் ஆசையா டிக்கெட் போட்டார். அந்தப் படம் யாரோட கதையோ அந்த மேஜர் முகுந்த் 2014ல காஷ்மீர்ல இறந்தது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், முடிவு என்னன்னு தெரிஞ்சுதான் போறோம். என் பொண்ணுக்கு ஆறு வயசு, அவளுக்கு தெரியாது, நான் யோசிக்கவே இல்ல.

கடைசி அரை மணி நேரம் அவ திரையவே பாக்கல. அப்பா மடியில ஏறி எதிர்ப்பக்கம் திரும்பி ஒக்காந்து, ரெண்டு கையாலயும் அவர் சட்டக் காலர புடிச்சுக்கிட்டு அவர் முகத்தையே பாத்துட்டு இருக்கா. அவர் கண்ண மூடுனா கன்னத்துல தட்டுறா. தியேட்டரே அழுவுது, நான் படத்துக்கு அழுவல, இத பாத்து அழுதேன். லீவு முடிஞ்சு அவர் கிளம்புன அன்னைக்கு பையில அவரோட ஒரு பூட்ஸ காணோம், தேடித் தேடி கடைசில அரிசி டிரம்முக்குள்ள இருந்துச்சு.

படம் மேல எனக்கு கோவமே இல்ல. ஆனா டிவியில போட்டா சேனல மாத்திருவேன்.

வெம்பக்கோட்டை:
அக்கா, இதத்தான நான் மொதல்ல சொன்னேன், பண்டிகைக்கு இந்த மாதிரி படம் வேணாம்னு. இப்ப சர்டிஃபிகேட்லயே யுஏ ஏழு வயசு, பதிமூணு, பதினாறுன்னு பிரிச்சு போடுறாக, அத பாத்துட்டு கூட்டிட்டு போங்க.

ஆவடி அக்கா:
தம்பி, வயசு பாத்தா மட்டும் சரியா வராது. அவ அப்பா வேல அது. பதினாறு வயசுலயும் அவளுக்கு அப்படித்தான் இருக்கும்.

பேரன்:
நடுவுல வர்றேன். பண்டிகைக்கு என்ன படம் விடணும்னு சண்ட போடுறீங்க, எங்க பாட்டி சொன்னது ஞாபகம் வருது. ஹரிதாஸ் 1944 தீவாளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டர்ல 44, 45, 46ன்னு மூணு தீவாளி பாத்துச்சு. வந்த கொஞ்ச நாள்லயே அதுல ஹீரோவா பாடி நடிச்ச தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல உள்ள போயிட்டார். பாட்டி மூணு தீவாளியும் அதே படத்துக்கு போனாங்களாம். ரெண்டாவது வருஷம் பாகவதர் பாட ஆரம்பிச்சதும் பொம்பளைங்க பக்கத்துல ஒரு அம்மா "இவர் வெளிய வந்துருவாருல்ல"ன்னு பாட்டி கைய புடிச்சுட்டு கேட்டாங்களாம், யாருன்னே தெரியாத அம்மா. எனக்கு புடிச்ச பண்டிகைப் படம் அதுதான், நான் முழுசா பாத்தது கூட இல்ல.

இளையவன்:
காவிரிக்கரை, கேக்கலாமான்னு தெரியல. அப்பா அப்புறம் அந்தப் படத்த முழுசா பாத்தாரா?

காவிரிக்கரை:
இல்லங்க. டிவியில போட்டா மோட்டார் போட்டுட்டு வர்றேன்னு வயலுக்கு கிளம்பிருவார், கரண்டு இல்லாத நேரத்துலயும். ஆனா அந்த பொங்கல் பாட்ட வருஷா வருஷம் மைக்செட்ல போடுறாங்கல்ல, அது வந்தா நின்னுருவார். போன தை மொத நாளும் தெருமுனையில போட்டாங்க, மாட்டுக்கு கொம்புல பெயிண்ட் அடிச்சுட்டு இருந்தவர் பிரஷ்ஷ டப்பாவுல வச்சுட்டு, பாட்டு முடியிற வரைக்கும் மாட்டு மேல கைய போட்டு நின்னுட்டு இருந்தார். நான் வாசல்லேருந்து பாத்துட்டு இருந்தேன், கிட்ட போவல.