முடிவடையாத தொடரைத் தொடங்கலாமா? ‘தி கேப்டிவ்ஸ் வார்’ வாசித்த அனுபவம்

எழுதி முடிக்கப்படாத அறிவியல் புனைகதைத் தொடர் எதையும் கையில் எடுப்பதில்லை என்று நெடுநாளாக இருந்தேன். ‘டியூன்’ வரிசையின் ஆறாவது நாவலை 1985இல் வெளியிட்ட ஃபிராங்க் ஹெர்பர்ட், கதையைப் பாதியில் விட்டபடியே மறு ஆண்டு காலமாகிவிட்டார். அந்த நாவலின் கடைசிப் பக்கம் தந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்படியிருந்தும், ஜேம்ஸ் எஸ். ஏ. கோரியின் புதிய தொடரான ‘தி கேப்டிவ்ஸ் வார்’ முடியும்வரை காத்திராமல் அதன் முதல் நூலைப் படித்தேன்.

கோரி என்பது டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதும் புனைபெயர். 2011இல் தொடங்கிய ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரை ஒன்பது நாவல்களில் நடத்தி, 2021இல் முறையாக முடித்தவர்கள் இவர்கள். புதிய தொடர் மூன்று நாவல்கள் என்றே அறிவிக்கப்பட்டது. முதல் நூலான ‘தி மெர்சி ஆஃப் காட்ஸ்’ 2024இல் வெளிவந்தது. தொடங்கியதை முடிப்பார்கள் என்ற நம்பிக்கை இதனால் வந்தது. ஆனால் அந்த நம்பிக்கைக்காக மட்டும் யாரும் நானூறு பக்கம் படிக்க வேண்டியதில்லை.

கதை ஆஞ்ஜீன் என்ற கிரகத்தில் தொடங்குகிறது. அங்கே ஒன்றுக்கொன்று உணவாக முடியாத இரண்டு உயிர்மரபுகள் அருகருகே வாழ்கின்றன. அவற்றை இணைக்கும் வழியைக் கண்டறிந்த ஆய்வுக்குழுவில் டஃபிட் என்ற இளைஞன் உதவியாளனாக இருக்கிறான். தொடக்க அத்தியாயங்களில் போரே இல்லை. அந்தக் குழுவின் ஆய்வை யார் தட்டிப்பறிக்கப் பார்க்கிறார்கள் என்ற உட்பூசலே பேசப்படுவதால், பலருக்கு இப்பகுதி இழுவையாகத் தோன்றக்கூடும். பொறுமையாகப் படியுங்கள் என்பேன். காரிக்ஸ் என்னும் வேற்றுலகினர் படையெடுத்து, மக்களில் எட்டில் ஒரு பங்கினரைக் கொன்று, அறிஞர்களைச் சிறைபிடித்துச் சென்றபின், அந்த ஆய்வுக்கூடப் பழக்கங்களே இவர்களின் உயிரைக் காக்கின்றன. ஒரு சிறு விலங்கையும் ஒரு கனிவகையையும் கொடுத்து, ஒன்று மற்றதற்கு உணவாகும்படி செய்யுங்கள் என்று கட்டளையிடுகிறார்கள். பயன்படாத இனத்துக்கு அங்கே வாழ்வில்லை. இந்தச் சோதனையும், பக்கத்து இனத்தவர் தரும் இடையூறும் விவரிக்கப்படும் பக்கங்களைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு தெரியாமல் தவிக்க வேண்டுமே என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரிக்ஸ் நூலகர் ஒருவரின் இறுதி வாக்குமூலத்தோடுதான் நூலே தொடங்குகிறது. தம் பேரரசு டஃபிட்டால் வீழ்ந்ததை அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார். எப்படி வீழ்ந்தது என்பதற்காகத்தான் நாம் படிக்கிறோம், அதற்குக் காத்திருப்பது எனக்குக் கடினமாக இல்லை.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான் அதே உலகில் நிகழும் ‘லைவ்சூட்’ என்ற குறுநாவலிலிருந்து தொடங்கினேன். உடலோடு ஒன்றிவிடும் கவசம் அணிந்து போரிடும் மனிதப் படைவீரர்களின் கதை அது; தனியாகப் படித்தாலும் நிறைவு தருகிறது. இந்த ஆசிரியர்களின் நடை நமக்கு ஒத்துவருமா என்பதை ஓரிரு மாலைப்பொழுதுகளில் அறிந்துகொள்ளலாம். அதில் வரும் போருக்கும் டஃபிட்டின் கதைக்கும் உள்ள தொடர்பு முழுதாக விளங்க, முதல் நாவலையும் படித்தாக வேண்டும். நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். சிறைப்பட்டவர்கள் காரிக்ஸ் உலகை வந்தடைந்துவிட்டார்கள்.