தாத்தா கடை ஷோகேஸ்

குழு: வேலூர் லாங்கு பஜார் குடும்பம்

பாபு சித்தப்பா (காலை 6:48): எல்லோருக்கும் வணக்கம். கட்டடக்காரர் நேற்றும் வந்துவிட்டுப் போனார். 31ஆம் தேதிக்குள் கடையைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். சரக்கு, ரேக், கல்லாப் பெட்டி எல்லாம் பேசி முடித்தாயிற்று. வாசல் ஷோகேஸ் மட்டும்தான் பாக்கி. யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய மரச்சாமான் எடுக்கிறவரிடம் கொடுத்துவிடுவேன்.

செந்தில்: எவ்வளவு தருகிறாராம் சித்தப்பா?

பாபு சித்தப்பா: 9000

அம்மா: தேக்கு மரத்துக்கா?

தீபா அண்ணி: புத்தக அலமாரிக்கு நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் லிப்டில் ஏறுமா தெரியவில்லை

பெரியப்பா (காலை 7:20): பாபு, அதை விற்காதே. சத்துவாச்சாரியில் உட்கார்ந்துகொண்டு சுலபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஷோகேஸ் 1963இல் வந்தது, எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு முன் நம் கடையில் பாய்தான். வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள், அப்பாவும் எதிரில் உட்காருவார், தண்ணீர் கொடுத்து, யார் வீட்டுக் கல்யாணம், பெண் எந்த ஊர் என்று விசாரித்து, அப்புறம்தான் முதல் சேலையைப் பிரிப்பார். உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் சரக்கைப் பார்க்க முடியும், உட்கார்ந்துவிட்டால் வாங்காமல் எழுந்திருக்கக் கூச்சமாக இருக்கும். அதனாலேயே கையில் காசு இல்லாதவர்கள் படியேற மாட்டார்கள். மண்டி வீதியில் மூட்டை தூக்குகிறவர்கள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகிற பெண்கள், இவர்கள் எல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களும் நின்று பார்க்கட்டும் என்றுதான் அப்பா ரோட்டைப் பார்த்தபடி கண்ணாடி வைத்தார். என்னிடமே சொல்லியிருக்கிறார்.

கவி: இதை எங்களிடம் சொன்னதே இல்லையே பெரியப்பா

செந்தில்: அளவு சொல்லுங்கள் சித்தப்பா

பாபு சித்தப்பா: 7 அடி உயரம், 5 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கீழே இரண்டு டிராயர். கண்ணாடி இடது மூலையில் விரிசல்.

பெரியப்பா: விரிசல் 1977லிருந்தே இருக்கிறது, ஒன்றும் ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு 60 வாட் பல்பு எரியும். ஷட்டரை இறக்கிய பிறகும் அப்பா அதை அணைக்க மாட்டார், இரண்டாவது ஆட்டம் சினிமா விட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் எரியும். கரண்டு பில் வந்தால் அம்மா சண்டை பிடிப்பார். லண்டனில் ஆக்ஸ்போர்டு தெருவில் 1909இல் செல்ப்ரிட்ஜ் என்பவர் பெரிய கடை திறந்தபோது அவரும் இதைத்தான் செய்தார் என்று வாத்தியார் வேலைக்குப் போன பிறகு படித்தேன். கடை மூடியும் ஜன்னல் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்குமாம். அதே வருஷம் ஜூலையில் ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டினார் அல்லவா, அந்த விமானத்தையே கொண்டுவந்து கடைக்குள் நிறுத்திவிட்டார். நாலு நாளில் ஒன்றரை லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அதற்கும் முன்னால் பாரிஸில் போன் மார்ஷே கடையை வளர்த்த பூசிகோ, ஒரே விலை என்று சீட்டு ஒட்டி, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார். அப்பாவுக்கு இவர்கள் பெயரெல்லாம் தெரியாது. அவராக யோசித்துச் செய்தார். அதனால்தான் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

அம்மா: மாமா சொல்வது சரிதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ராத்திரி ஊரிலிருந்து திரும்பினால் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நம் கடை எது என்று கண்டுபிடிப்பேன்

மாலா அத்தை: காலை வணக்கம். இப்போதுதான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறீர்களா? சாப்பாடு யார் வீட்டில்?

செந்தில்: ஆம்பூர் பிரியாணி வாங்கி வந்துவிடுகிறேன், வழியில்தானே

அம்மா: அமாவாசை

செந்தில்: அப்படியென்றால் வேண்டாம்

மாலா அத்தை: குடியாத்தத்திலிருந்து வரும்போது நான் கத்திரிக்காய் வாங்கி வருகிறேன். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் கிடைத்தால் எண்ணெய்க் குழம்பு வைக்கலாம்

தீபா அண்ணி: ஐயோ அத்தை, கட்டாயம் வாங்கி வாருங்கள்

பாபு சித்தப்பா (காலை 8:05): அண்ணன் நன்றாகச் சொல்கிறார். ஆனால் அந்தக் கண்ணாடியை 36 வருஷமாகத் தினமும் காலையில் துடைத்தவன் நான். வாரம் ஒரு தடவை சேலை மாற்றி, பொம்மைக்கு மடிப்பு வைத்து, வெயிலில் எந்த நிறம் வெளுக்கும் என்று பார்த்துப் பார்த்து வைத்தவன் நான். விற்காதே என்று சொல்கிறவர்கள் எங்கே வைப்பது என்றும் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: நான் உன்னைக் குறை சொல்லவில்லை பாபு

பாபு சித்தப்பா: தெரியும் அண்ணா.

கவி: சித்தப்பா, அதில் ஏதோ வங்காளியில் ஓர் அட்டை இருந்ததே, இன்னும் இருக்கிறதா?

பாபு சித்தப்பா: இருக்கிறது கவி. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்காகக் காந்தி ரோட்டில் கடைக்குக் கடை வங்காளியில் எழுதியிருப்பார்கள், நம் பக்கம் வருகிறவர்களும் உண்டு. ஒரு நோயாளியின் அண்ணன், இரண்டு மாதம் இங்கேயே தங்கியிருந்தவர், குடியாத்தம் கைலி வாங்க வந்தவர் எழுதிக் கொடுத்தார். கைலி, துண்டு, போர்வை கிடைக்கும் என்று. அதைப் பார்த்து நிறைய பேர் வந்தார்கள்.

தீபா அண்ணி: பாயில் உட்கார்ந்து வியாபாரம் செய்தது நல்ல வழக்கம் மாமா. என் தங்கை ஒரு பெரிய துணிக்கடையில் காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை நிற்கிறாள். கால் வீங்கிப் போகிறது

பெரியப்பா: 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தையே திருத்தினார்கள் அம்மா, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். அவளைக் கேட்கச் சொல்.

தீபா அண்ணி: ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் மேனேஜர் பார்க்கிறார்

பெரியப்பா: அப்பா கடையில் வேலை செய்த மூன்று பேரும் உட்கார்ந்துதான் துணி கிழித்தார்கள். 1981 மார்ச்சில் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பியபோது, அதுவரை சாமி எங்கள் சத்துவாச்சாரியில்தானே இருந்தார், அப்பா ஷோகேஸிலிருந்து சேலைகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு குத்துவிளக்கும் வில்வ மாலையும் மட்டும் வைத்தார். மூன்று நாள் அப்படியே இருந்தது. கோட்டைக்குப் போகிற கூட்டம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனது.

மாலா அத்தை: எனக்கும் நினைவிருக்கிறது. சாமிக்காக எடுத்தார். எனக்காக எடுக்கவில்லை.

அம்மா: மாலா, இப்போது எதற்கு அது

மாலா அத்தை: சொன்னால் என்ன? மாம்பழ நிற ஆரணிப் பட்டு, அரக்கு பார்டர். 1986இல் என் கல்யாணத்துக்கு முன்னால் பதினைந்து நாள் அந்தக் கண்ணாடியில் இருந்தது, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கேட்க வாய் வரவில்லை. ஒருநாள் போனால் இல்லை. வியாபாரத்துக்கு அப்புறம்தான் நாங்கள்.

(காலை 8:52)

செந்தில்: ஷோகேஸைக் குட்டியானையில் ஏற்றலாமா? கண்ணாடியைத் தனியாகக் கழற்ற வேண்டுமோ

பாபு சித்தப்பா (காலை 11:30): கடையில் இருக்கிறேன். டிராயரைக் காலி செய்கிறேன். பழைய விலைச்சீட்டுகள் ஒரு கட்டு கிடைத்தது. அப்பா எழுத்தில். கொள்முதல் விலையை மறைத்து எழுதுவார் இல்லையா அண்ணா, அது எந்தச் சொல்?

பெரியப்பா: ஜலகண்டேசுவரர். ஒன்பது எழுத்து, ஒன்று முதல் ஒன்பது வரை. ஜ ஒன்று, ல இரண்டு, க மூன்று, ண் நான்கு, டே ஐந்து, சு ஆறு, வ ஏழு, ர எட்டு, ர் ஒன்பது. சைபருக்கு ஒரு புள்ளி. வாங்குகிறவர் எதிரிலேயே சீட்டைப் பார்த்து எவ்வளவு வரை குறைக்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கவி: அருமை

பாபு சித்தப்பா: ஒரு சீட்டில் சுரடே என்று இருக்கிறது.

கவி: 685

பாபு சித்தப்பா: அதன் மேலே ஆரணி, மாம்பழம், அரக்கு என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம் மாலா என்று எழுதியிருக்கிறது.

அம்மா: என்ன சொல்கிறாய் பாபு

பாபு சித்தப்பா: அக்கா, அந்தச் சேலையை விற்றது நான்தான். அப்பா சரக்கெடுக்க ஆரணி போயிருந்தார். முதல் போணி, நல்ல விலை கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். சீட்டைக் கழற்றி டிராயரில் போட்டேன், திருப்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்து காலிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு எங்கே என்றார். விற்றுவிட்டேன் என்றேன். சரி என்று மட்டும்தான் சொன்னார். உன் பெயர் எழுதி வைத்திருந்தது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பெரியப்பா: அவர் என்னிடமும் சொல்லவில்லை.

கவி: அத்தை?

தீபா அண்ணி: அத்தை இருக்கிறீர்களா

மாலா அத்தை (மதியம் 1:10): சமைத்துக்கொண்டிருந்தேன்.

மாலா அத்தை: படம் எடுத்து அனுப்பு பாபு. இரண்டு பக்கமும்.

பாபு சித்தப்பா: [படம்]

பாபு சித்தப்பா: [படம்]

மாலா அத்தை: அவர் எழுத்துதான்.

மாலா அத்தை: அந்தக் கட்டோடு சேர்த்து யாருக்கும் கொடுத்துவிடாதே.

பாபு சித்தப்பா: தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன் அக்கா.

பெரியப்பா: மரச்சாமான்காரரிடம் ஒன்றும் பேசாதே பாபு. என் வீட்டு ஹாலில் வைக்கலாம், சோபாவை நகர்த்தினால்.

செந்தில்: அப்பா, நம் வீட்டு வாசற்கதவு மூன்றரை அடிதான்

பெரியப்பா: படுக்க வைத்து ஒருக்களித்து நுழைக்கலாம்

மாலா அத்தை: என் வீட்டு வாசல் பெரியது. திண்ணையிலும் இடம் இருக்கிறது

அம்மா: குடியாத்தம் வரை கண்ணாடி உடையாமல் போகுமா?

பாபு சித்தப்பா: அதெல்லாம் வைக்கோல் வைத்துக் கட்டிவிடலாம். முதலில் யார் என்று ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவு செய்யுங்கள். எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?

தீபா அண்ணி: நாங்கள் பத்துக்குள் வந்துவிடுவோம்

மாலா அத்தை: நான் முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். கடைக்கே நேராக வந்துவிடுகிறேன், ஷட்டரைத் திறந்து வை.

செந்தில்: யாராவது டேப் கொண்டு வாருங்கள்